ஹஜ் பயணமா? முத்திரைக்காக ஊசி போடாதீங்க!

"டாக்டர், நீங்க நம்ம நாட்டு வைத்தியம் பாக்குறவரு. அதனாலதான் தைரியமாக் கேக்குறேன். இந்த ஊசிக்குப் பதிலா ஏதாச்சும் ஒரு சூரணம், கஷாயம்னு கொடுத்திடுங்களேன்!"

ஹஜ்ஜுக்குப் பெயர் வந்துவிட்ட சந்தோஷத்தோடு என் கிளினிக்குக்கு வந்திருந்தார் அந்தப் பெரியவர். வயது 64. ஜவுளிக்கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருப்பவர். பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை.

"ஊசி எதுக்குன்னு நினைக்கிறீங்க, பாய்?" என்று கேட்டேன்.

"எதுக்கு? சீல் வாங்கத்தான்! அது இல்லேன்னா விமானத்துல ஏத்த மாட்டாங்களாமே. தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஊசி போடாமலே சீல் வாங்கித் தர்றேங்கிறான். உடம்புக்கு உங்க மருந்து, ஆபீசுக்கு அவன் சீல். சரிதானே?"

சரியே இல்லை!

இப்படிக் கேட்பவர் இவர் ஒருவர் மட்டும் இல்லை. சித்த மருத்துவர் என்றால் தடுப்பூசிக்கு எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன். ஹஜ், உம்ரா போகிற வீடுகளில் இதை எல்லோரும் உட்கார்ந்து ஒரு தடவை படித்துவிடுங்கள். போகிறவர்கள் மட்டுமல்ல, வழியனுப்புகிற பிள்ளைகளும் படிக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் மேல் கையைப் பாருங்கள்!

முதலில் ஒரு சின்ன காரியம். ஐம்பது வயதைத் தாண்டியவரா நீங்கள்? சட்டைக் கையை மடித்து மேல் கையைப் பாருங்கள். வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். சின்ன வயதில் பெரியம்மைக்கு 'அம்மை குத்தியது' அது. எனக்கும் இருக்கிறது. என் காலத்து ஆட்களுக்கு அந்தத் தழும்பு சர்வசாதாரணம். இன்றைய பிள்ளைகளுக்குப் பெரியம்மைத் தழும்பு கிடையாது. காரணம், அவர்களுக்கு அந்த நோயே கிடையாது. 1980-ல் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது எது? தடுப்பூசி!

சித்த மருத்துவத்தில் அம்மைக்கு வேப்பிலை உண்டு, பத்தியம் உண்டு, தனிமை உண்டு. நோயாளியைத் தேற்ற அவை உதவின. ஆனால் ஊருக்கு ஊர் பரவுவதை நிறுத்தியது தடுப்பூசிதான். இதை ஒப்புக்கொள்வதில் என் வைத்தியத்துக்கு எந்தக் குறைவும் இல்லை.

கூட்டமும் நோயும்

ஹஜ் கூட்டத்தையும் தொற்றுநோயையும் பற்றிய கவலை இன்று நேற்று வந்ததல்ல. 1865-ல் ஹஜ் சமயத்தில் காலரா புகுந்தது. சுமார் 15,000 யாத்ரீகர்கள் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். ஊர் திரும்பியவர்களோடு சேர்ந்து அந்தக் காலரா எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் போயிற்று. பயந்துபோன அரசாங்கங்கள் மறு வருடமே கான்ஸ்டாண்டிநோபிளில் கூடி, யாத்ரீகர்களின் சுகாதாரம் பற்றிப் பேசின. அதன் பிறகு கப்பலில் போன நம் நாட்டு ஹாஜிகளைச் செங்கடலில் உள்ள கமரான் தீவில் இறக்கி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே மேலே அனுப்பினார்கள்.

அன்று நாள்கணக்கில் தீவில் காக்கவைத்தார்கள். இன்று ஐந்து நிமிஷ ஊசியோடு முடிகிறது. எது சுலபம், சொல்லுங்கள்!

கட்டாய ஊசி எது?

மெனிஞ்சைட்டிஸ் என்கிற நோய்க்கான ஊசி. நம் மூளையையும் தண்டுவடத்தையும் மூடி மூன்று மெல்லிய உறைகள் இருக்கின்றன. அந்த உறையில் கிருமி தாக்கி வருவது இந்தக் காய்ச்சல். இதைப் பரப்பும் 'மெனிங்கோகாக்கஸ்' என்ற கிருமி, நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களின் தொண்டையிலும் மூக்கிலும் கூடச் சத்தமில்லாமல் குடியிருக்கும். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் இருமும்போதும் தும்மும்போதும், ஒரே தம்ளரில் தண்ணீர் குடிக்கும்போதும், நெருக்கமாகத் தூங்கும்போதும் அடுத்தவருக்குப் போய்விடும். அவருடைய உடம்பு தாங்கவில்லை என்றால், காலையில் தலைவலி என்று படுத்தவர் ராத்திரிக்குள் நினைவு தப்பிப் போகலாம். அவ்வளவு வேகம்! பிழைத்தவர்களிலும் சிலருக்குக் காது கேட்காமல் போகிறது. சிலருக்குக் கை கால் விரல்களை எடுக்க வேண்டி வருகிறது.

மினா கூடாரத்தை நினைத்துப் பாருங்கள். பல நாட்டு மக்கள், பக்கத்தில் பக்கத்தில் படுக்கை. இந்தக் கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்குமா?

1987 ஹஜ்ஜின்போது 'ஏ' வகைக் கிருமியால் இந்தக் காய்ச்சல் பரவியது. அதன் பிறகு 'ஏ', 'சி' வகைகளுக்கான ஊசி கட்டாயமானது. கிருமி சும்மா இருக்குமா? 2000-லும் 2001-லும் 'டபிள்யூ-135' என்ற வேறு வகை கிளம்பியது. பழைய ஊசி அதற்குப் பயன்படாது. ஊர் திரும்பிய ஹாஜிகளிடமிருந்து இங்கிலாந்து, பிரான்ஸ் போன்ற நாடுகளில் அவர்கள் வீட்டில் இருந்தவர்களுக்கும் தொற்றியது. ஹஜ்ஜுக்கே போகாதவர்கள்! அதற்குப் பிறகுதான், 2002 முதல், ஏ, சி, ஒய், டபிள்யூ-135 என்ற நான்கு வகைக்கும் சேர்த்த ஊசியைச் சவுதி அரசு கட்டாயமாக்கியது.

"அதெல்லாம் பழைய கதை" என்று சொல்லாதீர்கள். 2024-ம் வருடம் உம்ரா போய்விட்டு அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் திரும்பியவர்களுக்கும், அவர்களோடு பழகியவர்களுக்கும் இந்த நோய் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள்.

இப்போது புரிகிறதா, வழியனுப்புகிற பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று ஏன் சொன்னேன் என்று? தாத்தா ஊசி போடாமல் போய், கிருமியைத் தொண்டையில் சுமந்துகொண்டு வந்து, ஆசையோடு பேரனுக்கு முத்தம் கொடுத்தால்...? பொய் முத்திரை விமான நிலையத்து அதிகாரியை ஏமாற்றலாம். கிருமியை ஏமாற்ற முடியாது.

பத்து நாள் கணக்கு

இந்த ஊசி போட்டவுடனே பலன் தராது. உடம்பு எதிர்ப்பு சக்தியை உண்டாக்கிக்கொள்ள ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அதனால்தான், சவுதி மண்ணில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும் என்று விதி. 25-ம் தேதி விமானம் என்றால் 15-ம் தேதி கடைசி. முந்தின நாள் போட்டுக்கொண்டு ஓடினால் சர்டிபிகேட் இருக்கும், சக்தி இருக்காது!

இதில் இரண்டு தயாரிப்புகள் உண்டு. பழைய வகையான 'பாலிசாக்கரைடு' ஊசிக்குச் சர்டிபிகேட் 3 வருடம் செல்லும். 'கான்ஜுகேட்' என்ற புது வகைக்கு 5 வருடம். எந்த வகை போட்டார்கள் என்று சர்டிபிகேட்டில் தெளிவாக எழுதி வாங்குங்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளை அழைத்துப் போனாலும் ஊசி உண்டு.

ஹஜ் கமிட்டி மூலம் போகிறவர்களுக்கு முகாம்களிலேயே இந்த ஊசியைப் போட்டுவிடுவார்கள். தனியார் குழுவில் போகிறவர்கள் எங்கே, எப்போது போட வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உம்ரா போகிறவர்களிடம் சில சமயம் கெடுபிடியாகக் கேட்பார்கள், சில சமயம் கேட்காமலும் விடுவார்கள். அவர்கள் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன? கூட்டம் அதே கூட்டம், கிருமி அதே கிருமி. போட்டுக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

ஊசி போட்ட இடத்தில் ஒன்றிரண்டு நாள் வலி, லேசான காய்ச்சல், உடம்பு அசதி வரலாம். பயப்பட வேண்டாம். முன்பு எந்த ஊசிக்காவது உடம்பு தடித்து, மூச்சுத் திணறல் வந்திருந்தால் மட்டும் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

மற்ற ஊசிகள்

போலியோ சொட்டு மருந்து: "எனக்கா? நான் என்ன குழந்தையா?" என்று சிரிப்பார்கள். 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றுவிட்டது. ஆனாலும் பல நாட்டு மக்கள் கூடும் இடம் என்பதால் நம் ஹாஜிகளுக்குப் பெரியவர்களானாலும் சொட்டு மருந்து கொடுக்கிறார்கள். இரண்டு சொட்டுதானே, வாயைத் திறங்கள்!

ஃப்ளூ ஊசி: 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இருதயம், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு மிகவும் அவசியம். போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "இருமாமல் வந்தவர் யார்?" என்பார்கள். சாதாரண இளைஞருக்கு ஒரு வார இருமல். அதே இருமல் வயதான சர்க்கரை நோயாளிக்கு நிமோனியாவாக மாறிவிடும். இதற்கும் சக்தி வர இரண்டு வாரம் வேண்டும்.

நிமோனியா ஊசி, டெட்டனஸ் ஊசி, கொரோனா ஊசி: உங்கள் வயதையும் நோயையும் பார்த்து, எது தேவை என்று குடும்ப டாக்டர் சொல்லுவார். கொரோனாவை மறந்துவிடக் கூடாது. அதனால்தான் 2020-லும் 2021-லும் வெளிநாட்டிலிருந்து யாருமே ஹஜ்ஜுக்குப் போக முடியவில்லை.

ஹெபடைடிஸ்-பி ஊசி: இதை யாரும் நினைப்பதில்லை. ஹஜ் முடிவில் ஆண்கள் தலைமுடி எடுக்கிறார்கள், இல்லையா? ஒருவருக்குப் போட்ட பிளேடையே அடுத்தவருக்கும் போட்டால் ஹெபடைடிஸ்-பி, ஹெபடைடிஸ்-சி, எய்ட்ஸ் கிருமிகள் பரவ வழி உண்டு. எனவே, ரோட்டோரத்தில் உட்கார்ந்து எடுப்பவரிடம் போகாதீர்கள். அனுமதி பெற்ற முடிதிருத்தகத்தில், உங்கள் கண் எதிரே புது பிளேடு பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ்-பி ஊசி மூன்று தவணை. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. ஆகவே, ஹஜ் நிய்யத் வைத்த உடனே ஆரம்பித்தால்தான் முடியும்.

"மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். அது ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் அந்த நோய் உள்ள நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு அல்ல.

சவுதி சுகாதாரத் துறை ஒவ்வொரு வருடமும் புதிதாக விதி வெளியிடும். போன வருடம் போய்வந்த மச்சான் சொன்னதை மட்டும் நம்பாமல், அந்த வருடத்து விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். "இந்த ஊசி மார்க்கத்துக்குச் சரியா?" என்ற சந்தேகம் இருந்தால் ஆலிம்களிடம் கேளுங்கள். ஊசியைக் கட்டாயமாக்கியதே இரு புனித நகரங்கள் உள்ள நாடுதான் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நான் செய்த தவறு

இனி ஊசி இல்லாத விஷயம். ஒரு பழைய தவறைச் சொல்கிறேன். தவறு என்னுடையது.

2008-ல் ஹஜ் போன ஒருவர் என்னிடம் மூட்டுவலிக்கு மருந்து வாங்கினார். சர்க்கரைக்கு இங்கிலீஷ் மாத்திரையும் சாப்பிட்டு வந்தார். அது எனக்குத் தெரியும். ஆனால், "அந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்று வாய் திறந்து ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அது அவருக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன். அவரோ, "டாக்டர் கஷாயம் கொடுத்திருக்காரு, எல்லாத்துக்கும் அது போதும்" என்று மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அங்கே பள்ளிவாசல் வாசலில் செருப்பு தொலைந்துபோயிற்று. இது அங்கே தினமும் நடக்கிற சமாச்சாரம். வெறுங்காலோடு நடந்திருக்கிறார். காலில் கொப்புளம். சர்க்கரையால் மரத்துப்போன கால், வலி தெரியவில்லை. ஊருக்கு வரும்போது புண் கறுத்திருந்தது. பெருவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து பயணம் போகிற யார் வந்தாலும் முதல் கேள்வி, "வேற என்ன மருந்து சாப்பிடறீங்க? எல்லாத்தையும் மேசைமேல வைங்க!" என்பதுதான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சித்த மருத்துவரிடம் இங்கிலீஷ் மருந்தை மறைக்காதீர்கள். இங்கிலீஷ் டாக்டரிடம் நாட்டு மருந்தை மறைக்காதீர்கள். உதாரணமாக, நிலவேம்பு சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடலாம். தொண்டைக்கு நல்லது என்று அதிமதுரத்தை நாள் முழுக்கச் சப்பினால் ரத்த அழுத்தம் ஏறும். மூலிகை என்றாலும் மருந்து மருந்துதான்!

மூன்று மாதம் முன்பே நடக்கத் தொடங்குங்கள்

ஹஜ் என்பது உடம்புக்கு எவ்வளவு உழைப்பு தெரியுமா? ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே சுமார் 450 மீட்டர். ஏழு முறை என்றால் 3 கிலோமீட்டருக்கு மேல். தவாஃபில் ஏழு சுற்று. கூட்டம் அதிகமானால் வெளிவட்டத்தில் சுற்ற வேண்டும், தூரம் இன்னும் கூடும். அப்புறம் மினா, அரஃபா, முஸ்தலிஃபா, ஜம்ரா என்று ஐந்தாறு நாள் தொடர்ந்து அலைச்சல். வருடம் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று இதைச் செய்தால் இருதயம் தாங்குமா?

மூன்று மாதம் முன்பே தினமும் 15 நிமிஷம் நடக்கத் தொடங்குங்கள். வாரா வாரம் கூட்டி, ஒரு மணி நேரத்துக்குக் கொண்டு வாருங்கள். பயணத்துக்கு வாங்கிய செருப்பைப் போட்டுக்கொண்டே நடங்கள். புதுச் செருப்போடு மக்கா போகாதீர்கள். இரண்டு ஜோடி எடுத்துக்கொண்டு, ஒன்றை எப்போதும் சின்னத் துணிப்பையில் போட்டுத் தோளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சு அடைத்தால், மூச்சு வாங்கினால், "வயசாச்சு" என்று விடாமல் இருதய டாக்டரிடம் காட்டுங்கள்.

பெயர் நீக்கிவிடுவார்களோ என்று பயந்து நோயை மறைத்துத் தகுதிச் சான்று வாங்குகிறவர்கள் உண்டு. வேண்டாம். உடலாலும் பொருளாலும் முடிந்தவர்களுக்குத்தான் ஹஜ் கடமை. முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி, பதிலாள் என்று மார்க்கத்திலேயே வழிகள் இருக்கின்றன. ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை சாப்பிடும் பெண்கள் கவனிக்க: கடையில் நீங்களாகவே வாங்காதீர்கள். ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, காலில் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு அது ஆபத்தாக முடியலாம். மகப்பேறு டாக்டரிடம் இரண்டு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

வெயில்!

ஹிஜ்ரி வருடம் நம் காலண்டரைவிடச் சுமார் 11 நாள் குறைவு. எனவே ஹஜ் காலம் வருடா வருடம் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 2008-ல் டிசம்பர் குளிரில் வந்த ஹஜ், 2024-ல் ஜூன் நடுவில் வந்தது. அந்த வருடம் மக்காவில் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாகச் சவுதி அரசு அறிவித்தது. அதில் பெரும்பாலோர் அனுமதி இல்லாமல் போய், தங்கக் கூடாரமோ பஸ் வசதியோ கிடைக்காமல் வெயிலில் நடந்தவர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று குறுக்கு வழியில் போகாதீர்கள். அது பணப் பிரச்னை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்னை.

இஹ்ராமில் ஆண்கள் தலையை மூடக் கூடாது. ஆனால் குடை பிடிக்கலாம். வெளிர் நிறக் குடையாக எடுத்துப் போங்கள். கூடுமானவரை ராத்திரியிலும் விடிகாலையிலும் தவாஃப் செய்யுங்கள்.

கழிப்பறை வரிசைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது வயதானவர்கள், முக்கியமாகப் பெண்கள் செய்யும் பெரிய தவறு. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்தாவது பையில் இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கு 'நீர் மாத்திரை' சாப்பிடுகிறவர்கள், இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மாத்திரை என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட வந்தவர் திடீரென்று உளறுகிறாரா? தோல் கொதிக்கிறதா? தள்ளாடுகிறாரா? அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் தெளித்து, விசிறுங்கள். ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பையில் எது? எது கூடாது?

தினசரி மருந்தை முழுப் பயணத்துக்கும், மேலே ஒரு வாரத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். பாதி பெரிய பெட்டியில், பாதி கைப்பையில். ஒரு பெட்டி தொலைந்தாலும் மருந்து இருக்கும். இன்சுலின் கட்டாயம் கைப்பையில்தான். மாத்திரைகளை அட்டையை விட்டுப் பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் மூலப்பெயரோடு இருக்கட்டும். நோய், ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு போன் நம்பர் எழுதிய ஒரு சீட்டு எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். கசகசா சவுதியில் தடை! நம் வீட்டுக் குருமாவில் போடுகிற அதே கசகசாதான். மசாலாப் பொடியிலோ லேகியத்திலோ கலந்திருந்தாலும் வம்புதான். லேபிள் இல்லாத சூரணம், காகிதத்தில் மடித்த பொடி, பற்பம், செந்தூரம் எதையும் கொண்டுபோகாதீர்கள். அங்கே போய், "இது என் வைத்தியர் கொடுத்தது" என்று அரபியில் யார் விளக்குவது? தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. முன்கூட்டியே விசாரித்து, சீட்டோடு மட்டும் எடுத்துப் போங்கள்.

சித்த மருத்துவம் இந்தப் பயணத்தில் எதற்கு உதவும்? போவதற்கு முன் மலச்சிக்கல், வயிற்று மந்தம், மூட்டுவலி இவற்றைச் சரிசெய்து உடம்பைத் தேற்ற உதவும். அங்கே தொண்டை கரகரத்தால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். அஜீரணத்துக்குச் சுக்கு வெந்நீர் போதும். அவ்வளவுதான். மெனிஞ்சைட்டிஸைத் தடுக்கும் கஷாயம் என்னிடம் இல்லை. இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அங்கேயும், திரும்பி வந்தும்

கூட்டத்தில் முகக்கவசம் போடுங்கள். ஈரமானால் மாற்றுங்கள். சாப்பிடுமுன் கை கழுவுங்கள். இஹ்ராமில் இருக்கும்போது வாசனை இல்லாத சோப்பு வேண்டும், ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள். 2012-ல் சவுதியில் கண்டுபிடிக்கப்பட்ட 'மெர்ஸ்' என்ற நுரையீரல் நோய் ஒட்டகங்களிடமிருந்து வருவது. ஒட்டகத்தோடு போட்டோ, காய்ச்சாத ஒட்டகப் பால் இரண்டும் வேண்டாம்.

காய்ச்சலோடு கடுமையான தலைவலி, கழுத்தைக் குனிய முடியாத விறைப்பு, வாந்தி, வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், உடம்பில் கருஞ்சிவப்புப் புள்ளிகள்... இவற்றில் எது வந்தாலும் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காதீர்கள். மக்காவிலும் மதீனாவிலும் இந்திய ஹஜ் மிஷன் நம்மவர்களுக்காக மருத்துவமனைகள் நடத்துகிறது. அங்கேயோ, பக்கத்திலுள்ள சவுதி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக, "நான் ஹஜ் போய்ட்டு வந்தேன்" என்று சொல்லுங்கள். இருமல் நிற்கும்வரை பேரக்குழந்தைகளைக் கொஞ்சுவதைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள்.

வெட்டி வைத்துக்கொள்ள...

6 மாதம் முன்: ஹெபடைடிஸ்-பி முதல் ஊசி. பல், கண், சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதயப் பரிசோதனை.

3 மாதம் முன்: தினசரி நடை. பயணச் செருப்பு. எல்லா மருந்தையும் டாக்டரிடம் காட்டுதல்.

2 மாதம் முன்: பெண்கள் மகப்பேறு டாக்டரைப் பார்த்தல்.

1 மாதம் முன்: மெனிஞ்சைட்டிஸ் ஊசி, ஃப்ளூ ஊசி, டாக்டர் சொல்லும் மற்ற ஊசிகள். (மெனிஞ்சைட்டிஸ் ஊசிக்குக் கடைசிக் கெடு 10 நாள்.) போலியோ சொட்டு முகாமில் சொல்லும் தேதியில்.

1 வாரம் முன்: மருந்துப் பை இரண்டு, ஆங்கிலச் சீட்டு, ஊசிச் சான்றும் அதன் இரண்டு நகலும்.

ஆரம்பத்தில் சொன்ன பெரியவர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? அன்று சட்டையைச் சுருட்டி என் அம்மைத் தழும்பை அவருக்குக் காட்டினேன். தன் கையையும் பார்த்துக்கொண்டார். "எங்க வாப்பா தூக்கிட்டுப் போயிக் குத்திக்கிட்டு வந்தது" என்றார். அந்த அம்மா குறுக்கிட்டு, "பேரப் புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? வாங்க, ஊசி போட்டுக்கிட்டே போவோம்" என்றார்கள். அத்தோடு வாதம் முடிந்தது.

இருவரும் போட்டுக்கொண்டார்கள். போனார்கள், வந்தார்கள். பாய்க்கு நான்கு நாள் இருமல், அவ்வளவே. ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து கொடுத்தபோது, அந்த அம்மாவை உட்காரவைத்து நான் முதலில் பார்த்தது அவர்கள் பாதங்களைத்தான். ஒரு கீறல் கூட இல்லை!